பீரங்கிப் பாதை இறக்கம்

வரைவாளருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது சைக்கிளிலிருந்து விழுந்ததால் அல்ல. இருபத்தைந்து வருடங்களாகக் கல்லிலும் மண்ணிலும் சைக்கிள் ஓட்டியவர், வீட்டு ஜன்னலுக்குத் திரை மாட்டும்போது முக்காலியிலிருந்து விழுந்தார். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் "இறக்கத்துல வழுக்கிடுச்சு" என்றார். எந்த இறக்கம் என்று கேட்டவர்களுக்கு அவர் மனைவி முக்காலியைக் காட்டினாள்.

நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைவது அவர் வேலை. அலுவலகத்தின் பழைய வரைபடங்களில் இருந்து, இப்போது யாரும் போகாத பாதைகளைத் தேடிக் கண்டுபிடித்து அவற்றில் சைக்கிள் ஓட்டுவது அவர் பொழுதுபோக்கு. குதிரைத் தபால் போன பாதை, உப்பு வண்டி போன பாதை, படை போன பாதை என்று அவரிடம் ஒரு கட்டு இருந்தது. எல்லாம் வயல்களுக்கு நடுவே போகும் சரளைக்கல் பாதைகள். அதற்கென்றே ஒரு சைக்கிள் உண்டு. கைப்பிடி பந்தய சைக்கிள் மாதிரி வளைந்திருக்கும். டயர் மட்டும் பருமனாக இருக்கும். சரளை, மண், புல் எதிலும் ஓடும்.

அந்த முறை எண்பத்திரண்டு கிலோமீட்டர் பாதை ஒன்றை வரைந்து, இரண்டு வாரத்தில் நாற்பது பேரை அழைத்துப் போவதாகச் சைக்கிள் சங்கத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அதற்குள் யாராவது ஒரு முறை ஓட்டிப் பார்த்து, எங்கே கதவு பூட்டியிருக்கிறது, எங்கே பாலம் உடைந்திருக்கிறது, எங்கே குடிக்கத் தண்ணீர் கிடைக்கும் என்று குறித்து வர வேண்டும். பாதிப் பாதையில் போன் சிக்னல் கிடையாது என்பதால் தனியாகப் போகக் கூடாது. இந்த நேரம் பார்த்துத் திரை மாட்டப் போனார்.

"நீயும் வாண்டும் போயிட்டு வாங்களேன்" என்றார் மனைவியிடம்.

வாண்டு அவருடைய தங்கை. ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். அண்ணனோடு சேர்ந்து சரளையில் சைக்கிள் ஓட்டிப் பழகியவள். நாற்பது வயதாகியும் ஐந்தடியைத் தாண்டாததால் வீட்டில் இன்னும் வாண்டுதான். அவளும் இவர் மனைவியும் பேசி இரண்டு வருடம் ஆகியிருந்தது.

"வேற ஆளே கிடைக்கலையா?"

"ஞாயித்துக்கிழமை, எண்பத்திரண்டு கிலோமீட்டர், அதுவும் சரளை. வீட்டு ஆளுங்களைத் தவிர எவன் வருவான்? பேசுங்கன்னு நான் சொல்லல. ஒருத்தர் முன்னாடி, ஒருத்தர் பின்னாடி. சைக்கிள்ல போறவங்க பேசிக்கிட்டா போறாங்க?"

அவர் மனைவி பள்ளிச் சீருடை தைக்கும் பட்டறையில் கட்டிங் மாஸ்டர். எண்பது அடுக்குத் துணியை மேசையில் விரித்து, மேலடுக்கில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, மெஷின் கத்தியால் ஒரே ஓட்டத்தில் வெட்டுவாள். பட்டறையில் இருந்த இருபத்தாறு பேரும் அவளை மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். நாளடைவில் தெருவும் கூப்பிட்டது. நாமும் அப்படியே சொல்வோம். நாள் முழுக்க நின்று நின்று முழங்கால் பிடித்துக்கொண்டதால் டாக்டர் சொல்லித்தான் சைக்கிளுக்கு வந்தவள். வேகம் கிடையாது, ஆனால் நிற்காமல் ஓட்டுவாள். இறக்கம் மட்டும் ஆகாது. ஒரு முறை சரளை இறக்கத்தில் விழுந்து, வலது உள்ளங்கையில் கல் ஏறி, மூன்று வாரம் கத்தி பிடிக்க முடியாமல் போனது. அன்றிலிருந்து இறக்கம் வந்தால் இறங்கி நடந்துவிடுவாள்.

சண்டைக்கான காரணத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். மாமியார் பக்கவாதத்தில் பதினொரு மாதம் படுத்த படுக்கையாக இருந்தார். பார்த்துக்கொண்டவள் மாஸ்டர். மூன்று மணி நேரப் பயண தூரத்தில் இருந்த வாண்டு நான்கு முறை வந்து போனாள். மாமியார் போன இருபதாம் நாள், மாஸ்டர் கட்டிலைத் தூக்கிக் கொடுத்துவிட்டு அந்த அறையில் ஒரு வெட்டும் மேசையைப் போட்டாள். மறுவாரம் வந்த வாண்டு அறை வாசலில் நின்று பார்த்தாள். "அம்மா எப்பப் போவாங்கன்னு காத்துக்கிட்டு இருந்தீங்களா?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு அண்ணனும் தங்கையும் வெளியில் சந்தித்துக்கொண்டார்களே தவிர, வாண்டு அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு ரயில்வே கேட் அருகே இருவரும் சந்தித்தார்கள்.

"டயர்ல காத்து பார்த்தாச்சா?" என்று வாண்டு டயரைக் கேட்டாள்.

"பார்த்தாச்சு" என்று மாஸ்டர் கேட் கம்பத்துக்குப் பதில் சொன்னாள்.

'நீ', 'நீங்க', 'அண்ணி' எதுவும் வராமல் பேசுவது தமிழில் முடியாத காரியமல்ல. கொஞ்சம் முன்யோசனை வேண்டும், அவ்வளவுதான். வாண்டு முன்னால் போனாள். வரைவாளர் கொடுத்த குறிப்பேடும் பேனாவும் மாஸ்டரின் மேல்சட்டைப் பையில் இருந்தன. எதையாவது குறிக்க வேண்டுமென்றால் வாண்டு கையைத் தூக்குவாள். மாஸ்டர் நின்று எழுதுவாள்.

முதல் இருபது கிலோமீட்டர் சமதரை. இரண்டு பக்கமும் வெங்காயம். அறுவடை முடிந்து வரப்பில் குவித்து வைத்திருந்தார்கள். காற்று அந்தப் பக்கமிருந்து அடிக்கும்போதெல்லாம் கண் எரிந்தது. அப்புறம் மக்காச்சோளம், ஆளுயரத்துக்கு. அதற்கு நடுவே பாதை ஒரு சந்து மாதிரி போனது. டயருக்கடியில் சரளை வறுகடலை மெல்லுகிற மாதிரி சத்தம் போட்டது. குதிரைத் தபால் காலத்து மைல்கற்கள் அங்கங்கே சாய்ந்து நின்றன. ஒன்றின் மேல் யாரோ துவைத்த சாக்கைக் காயப் போட்டிருந்தார்கள்.

இருபத்தாறாவது கிலோமீட்டரில் ஐந்து வளைவுக் கல்பாலம். நானூறு வருடப் பழசு என்று வரைவாளரின் குறிப்பு சொன்னது. ஒரு பக்கக் கைப்பிடிச் சுவர் இடிந்து ஓடைக்குள் கிடந்தது. 'வரிசையாகப் போகவும், இடது ஓரம் கூடாது' என்று மாஸ்டர் எழுதினாள். முப்பத்தைந்தாவதில் ஒரு காவல் கோபுரம். எதிரி வந்தால் மேலே தீ மூட்டி அடுத்த கோபுரத்துக்குச் சைகை காட்டுவார்களாம். இப்போது புறா எச்சம் மட்டும்தான் இருந்தது. 'நிழல் உண்டு, நாற்றமும் உண்டு' என்று எழுதினாள். நாற்பத்தொன்றாவதில் குறுக்கே ஓர் இரும்புக் கதவு. சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சைக்கிள்களைக் கதவுக்கு மேலே தூக்கி அந்தப் பக்கம் இறக்கினார்கள். மேய்ந்துகொண்டிருந்த மாடுகள் வந்து சுற்றி நின்று வேடிக்கை பார்த்தன. 'கதவு பூட்டு. சாவி யாரிடம்? கேட்கவும்.'

அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் ஏற்றம். உச்சியில் கோட்டை. கோட்டை என்றால் மூன்று சுவரும் ஒரு வாசலும்தான் மிச்சம். மதில் நிழலில் உட்கார்ந்து அவித்த முட்டையும் வாழைப்பழமும் சாப்பிட்டார்கள். மணி பத்து. மதிலுக்கு இந்தப் பக்கம் அவர்கள் ஏறி வந்த சரிவு, அறுத்த கோதுமைத் தாள் நிற்கும் நிலம். அந்தப் பக்கம் செங்குத்தாக இறங்கும் பாதை, அடியில் ஒரு கிராமம். ஒரு காலத்தில் பீரங்கிகளை இழுத்து ஏற்றுவதற்காகப் போட்ட பாதை அது.

"இனிமே பீரங்கிப் பாதை. மூணரை கிலோமீட்டர் இறக்கம்" என்றாள் வாண்டு, வாழைப்பழத்தைப் பார்த்து.

"நான் நடந்து இறங்கிக்கறேன்."

"நடந்தா ஒரு மணி நேரம் ஆகும்."

"ஆகட்டும்."

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கீழே சரிவில் வெகுநேரமாக ஒரு டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது. அது திடீரென்று வீறிட்டது. பிறகு இரும்பு எதிலோ மோதும் ஓசை. வீறிடல் நிற்கவில்லை. இருவரும் எழுந்து பார்த்தார்கள். முந்நூறு அடி கீழே, நிலத்தின் ஓரத்து வாய்க்காலில் பச்சை டிராக்டர் ஒன்று ஒருக்களித்துக் கிடந்தது. மேலே தூக்கிய சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

சைக்கிள்களை எடுத்துக்கொண்டு தாள் நிலத்தின் குறுக்கே இறங்கினார்கள். வாண்டு முதலில் போய்ச் சேர்ந்தாள். ஐம்பது, ஐம்பத்தைந்து வயது விவசாயி ஒருவர் வாய்க்கால் சரிவில் மல்லாந்து கிடந்தார். இடது கால் முழங்காலுக்குக் கீழே டிராக்டரின் மட்கார்டுக்கு அடியில் மாட்டியிருந்தது. முழங்காலுக்கு மேலே இரும்பு விளிம்பு கிழித்த காயம். ரத்தம் விட்டுவிட்டுப் பீறிட்டது.

"அண்ணி, எஞ்சினை நிறுத்துங்க!"

இரண்டு வருடம் கழித்து வந்த முதல் 'அண்ணி' அது. அதைக் கவனிக்க இருவருக்கும் நேரமில்லை. மாஸ்டருக்கு டிராக்டர் தெரியாது. மெஷின் தெரியும். எந்த மெஷினிலும் நிறுத்துகிற குமிழ் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருக்கும் என்று தேடி, சிவப்பாக இருந்ததைப் பிடித்து இழுத்தாள். எஞ்சின் இருமி அடங்கியது.

வாண்டு காயத்தை ஒரு கையால் அழுத்திக்கொண்டே, "என் சீட்டுக்கு அடியில இருக்கற பையில மாத்து ட்யூப் இருக்கு, எடுங்க" என்றாள். பஞ்சரானால் மாற்ற வைத்திருந்த ரப்பர் ட்யூபை மாஸ்டர் எடுத்துக் கொடுத்தாள். வாண்டு அதைத் தொடையின் மேற்பகுதியில் மூன்று சுற்றுச் சுற்றி, இடையில் காற்றடிக்கும் சிறு பம்பைச் செருகி முறுக்கினாள். விவசாயி ஊரே அதிரக் கத்தினார். பீறிடல் குறைந்தது. ஆனால் நிற்கவில்லை.

"மணி என்ன?"

"பத்து பதிமூணு."

"அவர் கையில எழுதுங்க."

மாஸ்டர் குறிப்பேட்டுப் பேனாவால் விவசாயியின் முன்னங்கையில் 10.13 என்று எழுதினாள்.

"கால் இருக்கா?" என்று கேட்டார் அவர்.

"இருக்கு" என்றாள் வாண்டு.

"நல்லாப் பார்த்துச் சொல்லும்மா."

"பார்த்துட்டுத்தான் சொல்றேன். பேசாம படுங்க."

இரண்டு போனிலும் சிக்னல் இல்லை. விவசாயி தன்னிடம் போனே இல்லை என்றார். வாண்டு மாஸ்டரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்கதான் போகணும், அண்ணி."

"நீ போ. நீ வேகமாப் போவே. அழுத்திப் பிடிக்கறதுதானே, நான் பிடிச்சுக்கறேன்."

"பிடிக்கலாம். மயக்கம் வந்தா? மூச்சு மாறினா? முறுக்கு தளர்ந்தா? அதெல்லாம் என் வேலை. நான் கையை எடுக்க முடியாது." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நடந்து போற அளவுக்கு நேரம் இல்ல."

மாஸ்டர் ஹெல்மெட் வாரை இறுக்கினாள்.

"முதல்ல ரெண்டு டயர்லயும் காத்தைக் கொஞ்சம் விடுங்க. வால்வை அமுக்கி அஞ்சு எண்ணுங்க. அப்பதான் கல்லுல துள்ளாது. கைப்பிடியோட கீழ் வளைவைப் பிடிங்க. சீட்டுல நல்லாப் பின்னாடி தள்ளி உட்காருங்க. வளைவுக்கு முன்னாடியே பிரேக் பிடிச்சிடுங்க, வளைவுல பிடிக்காதீங்க. முக்கியமா, முன்னாடி இருக்கற கல்லைப் பார்க்கக் கூடாது. பத்தடி தள்ளிப் பாருங்க. எங்க பார்க்கறோமோ அங்கதான் சைக்கிள் போகும்."

விவசாயி கையை அசைத்தார். "ஆம்புலன்ஸ் அந்தப் பாதையில ஏறாது. வடக்கால சுத்தி, சங்கிலிக் கதவு வழியாத்தான் வரணும். என் கதவுதான். சாவி சட்டைப்பையில இருக்கு, எடுத்துக்கோ." மாஸ்டர் சாவியை எடுத்தாள். "திறந்துட்டுத் திரும்பச் சாத்தச் சொல்லு. மாடு வெளியே போயிடும்."

மாஸ்டர் ஐந்து எண்ணினாள், அடுத்த டயருக்கும் ஐந்து எண்ணினாள், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கோட்டை வாசலுக்கு ஓடினாள்.

பீரங்கிப் பாதை ஆரம்பத்தில் அகலப் பலகைக் கற்கள் பாவியது. அவற்றில் சக்கரத் தடம் கையளவு ஆழத்துக்குப் பள்ளமாகத் தேய்ந்திருந்தது. தடத்துக்குள் டயர் விழுந்தால் வெளியே வர முடியாது. இரண்டு தடங்களுக்கும் நடுவில் இருந்த மேட்டில் போனாள். அதற்குக் கீழே கற்கள் பெயர்ந்துபோய் முஷ்டியளவு சரளை. சைக்கிள் அவள் பேச்சைக் கேட்காமல் அலைந்தது. கண் தானாகவே முன்சக்கரத்துக்கு அடியில் இருந்த கல்லுக்குப் போனது. போனதும் சக்கரம் அந்தக் கல்லுக்கே போய் முட்டியது. இது அவளுக்குத் தெரிந்த விஷயம்தான். மேசையில் புதிதாக வெட்டப் பழகுகிறவர்கள் எல்லாரும் கத்தியைப் பார்ப்பார்கள். கத்தியைப் பார்த்தால் கோடு கோணும். வெட்டப் போகிற கோட்டைப் பார், கத்தி தானா வரும் என்று எத்தனை பேரிடம் சத்தம் போட்டிருக்கிறாள். தலையை நிமிர்த்திப் பத்தடி தள்ளிப் பார்த்தாள்.

முதல் வளைவு சரியாக வந்தது. அந்தத் தைரியத்தில் இரண்டாவது வளைவுக்கு வேகமாக வந்துவிட்டாள். வளைவுக்குள் பிரேக்கைப் பிடித்தாள். பின்சக்கரம் ஓடிப்போனது. இடது பக்கமாக விழுந்து ஏழெட்டு அடி சரளையோடு சறுக்கினாள். எழுந்தபோது முழங்கை முதல் மணிக்கட்டு வரை தோல் இல்லை. முதலில் வலது உள்ளங்கையைத்தான் பார்த்தாள். முழுசாக இருந்தது. செயின் கழன்று தொங்கியது. விரலால் பல்லில் ஏற்றி, பெடலைச் சுற்றிப் பார்த்துவிட்டு மறுபடி ஏறினாள். "பிடிக்காதீங்கன்னு சொன்னாளே, சொன்னாளே" என்று வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. மூன்றாவது வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்தாள். வளைவில் விட்டுவிட்டாள். அதற்கப்புறம் என்ன நடந்தது என்று பின்னால் யோசித்தபோது அவளுக்கு நினைவில் இல்லை. பாதை முடிந்து தார் வந்தபோது கை இரண்டும் கைப்பிடியோடு ஒட்டிப்போயிருந்தன.

கிராமத்தின் முதல் கட்டடம் பால் சேகரிப்பு நிலையம். கண்ணாடிக் குழாயில் பாலைச் சோதித்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து, ரத்தம் வழியும் முழங்கையைப் பார்த்துப் பஞ்சு எடுக்கப் போனாள்.

"எனக்கு இல்ல. கோட்டைக்கு அந்தப் பக்கம் டிராக்டர் கவுந்து ஒருத்தர் மாட்டிக்கிட்டார். கால்ல ரத்தம் நிக்கல. போன் இருக்கா?"

"பச்சை டிராக்டரா?"

"ஆமா."

"அய்யோ, கொம்பன்!" என்றாள் பால்காரப் பெண். ஊரில் யார் சொன்னாலும் கேட்காதவர் என்பதால் வைத்த பெயர் என்று பிறகு தெரிந்தது. "அந்தச் சரிவுல உழாதேன்னு ஊரே சொல்லுச்சு."

மேசையில் கம்பி போன் இருந்தது. ஆம்புலன்ஸுக்குச் சொன்னார்கள். வடக்கு வழி, சங்கிலிக் கதவு, தொடைக் காயம், கட்டுப் போட்ட நேரம் பத்து பதிமூன்று என்று மாஸ்டர் வரிசையாகச் சொன்னாள். பால்காரப் பெண்ணின் தம்பி சாவியை வாங்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கதவுக்குப் பறந்தான். "திறந்துட்டுச் சாத்தணுமாம்" என்று மாஸ்டர் அவன் முதுகுக்குக் கத்தினாள். கால் மணி நேரத்தில் இன்னொரு டிராக்டர், ஜாக்கி, மரக்கட்டைகள், நான்கு ஆட்கள். மாஸ்டர் தன் சைக்கிளைப் பால் நிலையத்துச் சுவரில் சாய்த்துவிட்டு அந்த டிராக்டரில் ஏறி உட்கார்ந்தாள். இறங்க எடுத்ததைவிட ஏற அதிக நேரம் ஆனது.

மாஸ்டர் விட்டுப்போன இடத்திலேயே வாண்டு இருந்தாள். வாய்க்கால் சேற்றில் மண்டியிட்டு, இரண்டு கையும் காயத்தின் மேல். முகம் முழுக்கச் சேறும் கண்ணீர்க் கறையும். கொம்பனின் உதடு வெளுத்திருந்தது. ஆனாலும் ஜாக்கியை எங்கே வைப்பது என்று படுத்துக்கொண்டே ஆட்களுக்கு உத்தரவு போட்டார்.

"யாரும் தூக்காதீங்க" என்றாள் வாண்டு. "ஆம்புலன்ஸ் வந்தப்புறம்தான் தூக்கணும். கட்டையை மட்டும் முட்டுக் கொடுங்க, மேல சாயாம."

அந்த ஐந்தடி உருவம் சொன்னதை நான்கு ஆட்களும் கேட்டார்கள். பதினொன்று பத்துக்கு ஆம்புலன்ஸ் வடக்குச் சரிவில் தெரிந்தது. ஊசி போட்டு, பாட்டில் ஏற்றி, பிறகே டிராக்டரை நாலங்குலம் தூக்கி அவரை உருவினார்கள். ஸ்டிரெச்சரில் படுத்தபடி அவர் கேட்ட கடைசிக் கேள்வி கதவைப் பற்றியது.

கிராமத்துக்கு இறங்கி, பால் நிலையத்துக் குழாயில் இருவரும் கை கழுவினார்கள். மாஸ்டரின் முழங்கையில் இருந்த கற்களை வாண்டு ஒவ்வொன்றாக எடுத்தாள். மாஸ்டர் கம்பி போனில் கணவரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் வண்டி அனுப்புகிறேன் என்றார். வர இரண்டரை மணி நேரமாகும்.

"மிச்சம் முப்பத்தஞ்சு கிலோமீட்டரை யார் பார்க்கறது?" என்றாள் வாண்டு. "உங்களால முடியுமா, அண்ணி?"

"சமதரைதானே."

பால்காரப் பெண் ஆளுக்கொரு தம்ளர் சுடு பால் கொடுத்தாள். குடித்துவிட்டு ஏறினார்கள். வழியில் சூரியகாந்தி வயல்கள், இடிந்த சத்திரம் ஒன்று, தண்ணீர் வராத ஒரு குழாய். மாஸ்டர் எல்லாவற்றையும் குறித்தாள். வீடு திரும்பும் வரை இருவரும் அதிகம் பேசவில்லை. பேசியபோது எழுவாய், பயனிலை எல்லாம் இருந்தது.

ஒன்பது நாள் கழித்துக் கொம்பனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இரண்டு ஆபரேஷன் முடிந்திருந்தது. கால் தப்பியது. கணுக்கால் மட்டும் இனி மடங்காது என்று சொல்லிவிட்டார்கள். அவர் மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு, இருவர் கையையும் பிடித்துக்கொண்டு பேச்சு வராமல் நின்றாள். கொம்பனுக்கு அந்தத் தொல்லை இல்லை.

"இந்தம்மா காலை மட்டும் பிடிச்சுக்கல, என்னைத் தூங்கவும் விடல" என்று வாண்டுவைக் காட்டினார். "கண்ணை மூடினா கன்னத்துல தட்டறது. ஏதாவது பேசிக்கிட்டே இருன்னு சொன்னேன். அதுக்காக இப்படியா? அவங்க அம்மா கதையை ஆரம்பிச்சாங்க. கூட இருந்து பார்க்கலியாம், அண்ணிதான் எல்லாம் பண்ணாங்களாம். நான் வலியில கத்தறேன், இவங்க அதுக்கு மேல அழறாங்க. யாரு யாருக்கு ஆறுதல் சொல்றதுன்னே தெரியல."

வாண்டுவின் காது சிவந்தது. மாஸ்டர் கொண்டுபோன பழப் பையை மேசையில் வைத்து, பழங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்க ஆரம்பித்தாள். அடுக்கும் அளவுக்கு அதில் பழம் இல்லை.

வெளியே வராந்தாவில் மருந்து வாங்குகிறவர்களின் வரிசை. அதன் ஓரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"அவர் சொன்னது..." என்றாள் வாண்டு.

"கேட்டுச்சு."

"முகம் தெரியாதவங்க உடம்பையெல்லாம் தினம் கழுவித் துடைக்கறவ நான். அம்மாவைத் தொடப் பயமா இருந்தது, அண்ணி. நாலு தடவை வந்தேன். நாலு தடவையும் நாற்காலியில உட்கார்ந்துட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கிளம்பிட்டேன். அப்புறம் வந்து உங்களைப் பார்த்து அப்படி ஒரு கேள்வி கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது."

வரிசையில் யாரோ யாரையோ முந்திவிட்டதாகச் சத்தம் எழுந்து அடங்கியது.

"நீ கேட்டது பொய் இல்ல" என்றாள் மாஸ்டர். "காத்துக்கிட்டுத்தான் இருந்தேன். கடைசி மூணு வாரம். புரட்டிப் போட்டா வலி, போடலைன்னா புண்ணு. ராத்திரி பூரா முனகல். தினம் காலைல கண் முழிச்சதும் அந்த ரூமுக்குப் போறதுக்கு முன்னாடி வாசல்ல ஒரு நிமிஷம் நிப்பேன். இன்னிக்கு இருக்கக் கூடாதுன்னு நினைச்சுக்கிட்டே உள்ள போவேன். மூச்சு இருக்கும். போய் வெந்நீர் வைப்பேன்."

வாண்டு அவளைப் பார்த்தாள்.

"நீ ஒரே கேள்வியில அதைத் தொட்டுட்டே. அதான் பதில் வரல. கோபமா இருந்தா அன்னைக்கே திட்டியிருப்பேனே."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது."

"அந்த மாதிரி வாசல்ல நிக்கறவங்களை நான் தினம் பார்க்கறேன்" என்றாள் வாண்டு. "அவங்களைப் பத்தி ஒரு நாளும் தப்பா நினைச்சதில்ல." மாஸ்டரின் கட்டுப் போட்ட முழங்கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, கட்டு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு மணிக்கு அவளுக்கு ட்யூட்டி. பஸ் ஏற்றிவிட்டு மாஸ்டர் பட்டறைக்குப் போனாள்.

நாற்பது பேர் சவாரி குறித்த நாளில் நடந்தது. பீரங்கிப் பாதைக்கு முன்பு 'இறங்கத் தெரியாதவர்கள் நடக்கவும்' என்று வரைவாளர் குறிப்பில் சேர்த்தார். பதினாறு பேர் நடந்தார்கள்.

அதற்கு அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு வாண்டு முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டுக்கு வந்தாள். பள்ளி திறக்கும் சமயம் என்பதால் அந்த அறை முழுக்க வெட்டிய துணி. கை, காலர், முதுகு என்று அளவுவாரியாகக் கட்டி வைக்க வேண்டியிருந்தது. வாண்டு வாசலில் நிற்கவில்லை. உள்ளே வந்து, மேசைக்கு அந்தப் பக்கம் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கைக்கு வந்த துண்டுகளை அடுக்கிக் கட்ட ஆரம்பித்தாள். மாஸ்டர் இரண்டு கட்டுகளைக் கவனித்தாள். மூன்றாவது கட்டைக் கையிலிருந்து வாங்கிப் பிரித்தாள்.

"இது இருபத்தெட்டு. இது முப்பது. கண்ணு எங்க இருக்கு உனக்கு?"

"சொல்லிக் கொடுக்காம எப்படித் தெரியும்?"

"ஓரத்துல நம்பர் போட்டிருக்கேன் பாரு. எல்லாத்தையும் பிரி, முதல்ல இருந்து வை."

வாண்டு பிரித்தாள்.